சென்ற அலையும் மீண்ட அலையும்

சரித்திரம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட கலைப்பட்டதாரி ஒருவன் கம்பி வழியே செல்லும் மின்னலைகளைப் பற்றிப் பேச முற்படுவது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். இதற்குக் காரணம் ஒரு கிணற்றுக் கயிறு. எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் ஒரு நாள் நீண்ட கயிறொன்றின் ஒரு முனையை வேப்பமரத்திற் கட்டி, மறுமுனையை ஒரு மாணவன் கையிற் கொடுத்து, மேல்நோக்கி ஒரு முறை உதறச் சொன்னார். கயிற்றில் ஒரு மேடு எழுந்து மரத்தை நோக்கி ஓடிற்று. மரத்தைத் தொட்டதும் அது மறைந்துவிடவில்லை. தலைகீழாகி, ஒரு பள்ளமாகத் திரும்பி மாணவனின் கையை வந்து தட்டிற்று. பின்னர் அவர் மரத்திற்கும் கயிற்றுக்கும் இடையில் மெல்லிய நூலொன்றைக் கட்டினார். இப்போது கயிற்றின் முனை மேலும் கீழும் தாராளமாக அசையக்கூடியதாயிற்று. இம்முறை மேடு மேடாகவே திரும்பிற்று. “கயிற்றின் முடிவு எத்தகையது என்பதைத் திரும்பிவரும் அலை சொல்கிறது” என்றார் அவர்.

அலுவலக யன்னலில் நின்று இதனைப் பார்த்த எனக்கு, வானொலி நிலையங்களின் கம்பிகளிலும் இதுவே நடைபெறுகிறது என்று அவர் பிறகு கூறியபோது, இதனை முதலில் கண்டறிந்தவர் யார், அவர் சொல்லை உலகம் எவ்வாறு ஏற்றது என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. அவ்வாறு தேடிப் படித்ததில் நான் அறிந்த சரித்திரம், விஞ்ஞானத்தின் சரித்திரம் மட்டுமன்று, பதவியின் சரித்திரமுமாகும்.

கதை கடலடியில் ஆரம்பிக்கிறது. 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 5ஆம் திகதி, அயர்லாந்தின் வலன்சியாத் தீவையும் நியூபவுண்ட்லாந்தின் திரினிற்றிக் குடாவையும் இணைத்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே ஒரு தந்தி வடம் இடப்பட்டது. அதே மாதம் 16ஆம் திகதி விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தியொன்றை அனுப்பினார். அச்செய்தி கடலைக் கடந்து முடிய ஏறத்தாழப் பதினாறு மணித்தியாலங்கள் சென்றன. நியூ யோர்க் நகரத்தார் வாணவேடிக்கை விட்டு மகிழ்ந்தனர். ஆனால் சில வாரங்களுக்குள் அவ்வடம் ஊமையாகிவிட்டது.

நிலத்தின் மேல் கம்பங்களிற் கட்டிய கம்பியில் விரைந்து சென்ற சைகை, கடலடி வடத்தில் மட்டும் ஏன் தயங்கித் தயங்கி, உருக்குலைந்து சென்றது? இவ்வினாவிற்கு வடம் இடப்படுமுன்னரே விடை கூறப்பட்டிருந்தது. உள்ளே செப்புக் கம்பி, சுற்றிலும் கட்டாபேச்சா என்னும் மரப்பால் உறை, வெளியே கடல்நீர். இத்தகைய வடம் முழுவதும் மின்னைச் சேமித்து வைக்கும் நீண்டதொரு இலேடன் சாடியாகும் என 1854இல் பரடே விளக்கினார். ஒவ்வொரு சைகையும் முதலில் அந்தச் சாடியை நிரப்பியாக வேண்டும். கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் தொம்சன், பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர், இதனைக் கணிதமாக்கினார். அடுப்பில் ஒரு முனை வைக்கப்பட்ட இரும்புக் கோலில் வெப்பம் பரவுவது போலவே வடத்தில் மின் பரவுகிறது என்பதும், வடத்தின் நீளம் இருமடங்காயின் தாமதம் நான்கு மடங்காகும் என்பதும் அவர் 1855இல் வெளியிட்ட முடிவுகள்.

கம்பனியின் மின்னியலாளராயிருந்த வைல்ட்மன் வைற்ஹவுஸ் என்பவர் இதனை ஏற்கவில்லை. அவர் பிறைட்டன் நகரில் அறுவை வைத்தியராயிருந்து மின்னியலுக்கு வந்தவர். வலுவாகத் தள்ளினால் விரைவாகப் போகும் என்பது அவர் எண்ணம். ஏறத்தாழ 2,000 உவோற்று அழுத்தத்தை அவர் அந்த நலிந்த வடத்திற் செலுத்தினார். வடம் ஏற்கெனவே குறைபாடுகளோடு செய்யப்பட்டது என்பதையும் நாம் சொல்லவேண்டும். பழி முழுவதையும் ஒருவர் தலையிற் சுமத்துவது சரித்திர நியாயமன்று. எனினும் கம்பனி அவரை நீக்கியது. 1866இல் ‘கிரேற் ஈஸ்ரேண்’ கப்பல் இட்ட புதிய வடம் தொம்சனின் கணக்கை அனுசரித்து அமைந்தது; அது நிலைத்தது; அவருக்கு ‘சேர்’ பட்டமும் கிடைத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தொம்சனின் கணக்கிலே மீளும் அலைக்கு இடமில்லை. உண்மையில் அலைக்கே இடமில்லை. வெப்பம் கோலிற் பரவும். கோலின் முனையில் மோதி எதிரொலிப்பதில்லை. மெதுவான தந்திச் சைகைக்கு அந்தக் கணக்கு போதுமானது. சேற்றிற் புதைந்து கிடக்கும் கயிற்றை உதறினால் மேடு ஓடுமா? அமுங்கிப் பரவி அடங்கிவிடும். நீண்ட கடல்வடம் அத்தகைய சேற்றுக் கயிறு. ஆனால் உலகிலுள்ள கயிறுகள் யாவும் சேற்றிற் கிடப்பவையல்லவே!

அதைக் கண்டவர் ஒலிவர் ஹெவிசைட். 1850ஆம் ஆண்டு இலண்டனில், காம்டன் பகுதியில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறுவயதிற் கண்ட செங்காய்ச்சலால் காது மந்தமாயிற்று. பதினாறு வயதளவில் பள்ளிப்படிப்பு முடிந்தது. தந்தித் துறையில் அறிஞராக விளங்கிய வீற்ஸ்ரன் அவருடைய தாயாரின் சகோதரியின் கணவர். அத்தொடர்பால் டென்மார்க்கிலும் பின் நியூகாசிலிலும் தந்தி அலுவலராக வேலை பார்த்தார். 1874இல், இருபத்துநான்கு வயதில், அந்த வேலையை விட்டார். அதன்பின் அவர் வாழ்நாளில் எந்த வேலையிலும் அமரவில்லை. பெற்றோரின் வீட்டில் ஓர் அறையில் அமர்ந்து, மக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்னியற் பெருநூலைத் தாமாகவே கற்றார்.

1876இல் அவர் எழுதிய கட்டுரையொன்று, தொம்சன் விட்டுவிட்ட ஒன்றைக் கணக்கிற் சேர்த்தது. கம்பியில் மின்னோட்டம் கூடும்போதும் குறையும்போதும் அதைச் சூழ்ந்த காந்தப்புலம் மாற்றத்தை எதிர்க்கிறது. இந்தக் குணத்தைத் தூண்டுகை என்கிறோம். பாரமான வண்டி எளிதில் புறப்படாது, எளிதில் நிற்கவும் செய்யாது அல்லவா? அதுபோன்றது இது. இதனைச் சேர்த்தவுடன் வெப்பப் பரவலாயிருந்தது அலையாக மாறிற்று. அலை என்றால் வேகம் உண்டு. முனையை அடைந்தால் மீட்சி உண்டு.

இன்னும் ஆழமான வினா ஒன்று இருந்தது. கம்பி வழியே செல்லும் சக்தி கம்பியின் எந்தப் பகுதியிற் செல்கிறது? குழாயினுள்ளே தண்ணீர் போவதுபோல் செம்பினுள்ளே போகிறது என்றே எல்லோரும் எண்ணினர். இன்றும் எங்கள் மாணவர்கள் அவ்வாறே எண்ணுகின்றனர். 1884இல் பேர்மிங்ஹாம் நகரிற் பேராசிரியராயிருந்த போயின்ரிங் என்பவரும், அவரை அறியாமல் தனியே ஹெவிசைட்டும், இதற்கு மாறான முடிவுக்கு வந்தனர். சக்தி செல்வது கம்பியைச் சூழ்ந்த வெளியிலே! மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று குறுக்கிடும் அந்த வெளியே அதன் பாதை. கம்பி வெறும் வழிகாட்டி. செம்பினுள்ளே நுழையும் சிறு பங்கு வெப்பமாகி வீணாகிறது. கம்பி நல்ல கடத்தியாயின் அந்தப் பங்கு குறையும், அவ்வளவே. தேரின் வடத்தைப் பிடிப்பவர் தேர் வடத்தினுள்ளே ஓடுகிறது என்று சொல்லமாட்டார். உவமை முற்றும் பொருந்தாது. ஆயினும் இக்கருத்தை முதன்முதற் படித்தபோது எனக்குத் தோன்றியது அதுதான்.

1885 முதல் ‘த எலக்றீசியன்’ என்னும் வாரப் பத்திரிகையில் ஹெவிசைட் தொடர்ந்து எழுதிவந்தார். கம்பியின் முனையில் அலைக்கு என்ன நேரும் என்பதை அங்கே முழுமையாகக் கணித்தார். முனை திறந்திருந்தால் அழுத்த அலை அதே குறியோடு மீண்டு, வந்த அலையோடு கூடி, அவ்விடத்தில் அழுத்தம் இருமடங்காகும். இரு கம்பிகளும் முனையில் இணைக்கப்பட்டிருந்தால் அலை குறி மாறி மீளும். எங்கள் வேப்பமரத்துக் கயிறு செய்ததும் இவைதாமே! இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அற்புதம் உண்டு. ஒவ்வொரு கம்பிச் சோடிக்கும் அதன் தடிப்பையும் இடைவெளியையும் பொறுத்து ஒரு சொந்த எண் இருக்கிறது. ஓடும் அலையின் அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதம் அது. முனையில் வைக்கும் தடை அந்த எண்ணுக்குச் சமமாயின் அலை மீள்வதே இல்லை. வந்த சக்தி முழுவதையும் தடை விழுங்கிவிடும். அலைக்கோ கம்பி முடிவின்றி நீள்வதாகவே தோன்றும்.

1887இல் மற்றுமொரு முடிவு. கம்பியின் தடை, தூண்டுகை, கொள்ளளவம், உறை வழியான கசிவு ஆகிய நான்கும் குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தால், அலை மெலியுமேயன்றி உருக்குலையாது. தொலைபேசிக்கு இது உயிர்நாடி. மனிதக் குரலில் தடித்த சுரமும் மெல்லிய சுரமும் கலந்திருக்கின்றன. அவை வேறு வேறு வேகத்திற் சென்று வேறு வேறு அளவில் மெலிந்தால் மறுமுனையிற் கேட்பது பேச்சன்று, முணுமுணுப்பு. வழக்கமான கம்பிகளில் தூண்டுகையே போதாமலிருந்தது. ஆகவே தூண்டுகையைக் கூட்டுங்கள் என்றார் ஹெவிசைட்.

இங்கேதான் பதவி குறுக்கிட்டது. பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் மின்னியலாளர் வில்லியம் பிறீஸ், தூண்டுகை தொலைபேசிக்குப் பகை என்று பகிரங்கமாகக் கூறிவந்தவர். தொம்சனின் பழைய தந்திக் கணக்கை எடுத்து, அதுவே தொலைபேசிக்கும் சட்டம் என்று அவர் நிலைநாட்ட முயன்றார். ஒரு நிலைமையில் உண்மையான விதி, அந்நிலைமை மாறியபின் பொய்யாகலாம் என்பதை அவர் எண்ணவில்லை. ஒலிவரின் தமையனார் ஆதர், நியூகாசிலில் பிறீஸின் கீழ்ப் பணிபுரிந்த பொறியியலாளர். சகோதரர் இருவரும் 1887இல் சேர்ந்தெழுதிய கட்டுரையை வெளியிட பிறீஸ் அனுமதி மறுத்தார். தமையனார் உத்தியோகத்தைக் காக்க வேண்டியவர், மௌனமானார். அதே ஆண்டில் ‘த எலக்றீசியன்’ ஆசிரியரும் மாறினார். புதிய ஆசிரியர் தொடரை நிறுத்திவிட்டார்.

பிறீஸைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அது எனக்கு உடன்பாடன்று. இரும்புக் கம்பிகளை நீக்கிச் செப்புக் கம்பிகளை இடவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். 1896இல் இலண்டனுக்கு வந்த இளைஞர் மார்க்கோனிக்குத் தபால் திணைக்களத்தின் கதவைத் திறந்துவிட்டவரும் அவரே. ஆனால் கணிதம் அறியாத நிருவாகி ஒருவர், தமக்கு விளங்காத ஒன்றை விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளாமற் பிழை என்று தீர்ப்பளித்தார். முப்பது ஆண்டுகளாகப் பாடசாலை அலுவலகங்களைக் கண்ட எனக்கு இந்நோய் புதிதன்று. என்னிடமும் அது இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஹெவிசைட்டின் துணைக்கு வந்தது வாதமன்று, தீப்பொறி. 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லிவர்பூலில் பேராசிரியர் ஒலிவர் லொட்ஜ் இடிதாங்கிகளைப் பற்றி ஆராய்ந்தார். இலேடன் சாடிகளை இரு நீண்ட கம்பிகளின் வழியே மின்னிறக்கஞ் செய்தபோது, அருகிலுள்ள முனையைவிடத் தொலைவிலுள்ள திறந்த முனையிலே நீண்ட தீப்பொறி பாய்வதைக் கண்டார். அலை முனையில் மோதி மீண்டு, வரும் அலையோடு கூடுவதே காரணம். அவ்வாண்டிலேயே ஜேர்மனியின் கால்ஸ்றூ நகரில் ஹைன்றிக் ஹேர்ட்ஸ், கம்பியின்றி வெளியிலே சென்ற அலைகளைச் சுவரில் மாட்டிய நாகத் தகட்டில் மோதச் செய்தார். சென்ற அலையும் மீண்ட அலையும் கூடிய சில இடங்களிற் பொறி வலுத்தது. ஒன்றையொன்று அழித்த சில இடங்களிற் பொறி மறைந்தது. இவற்றை நிலையான அலைகள் என்பர். பொறி மறையும் இரு இடங்களுக்கிடையே உள்ள தூரம் அலைநீளத்திற் பாதி. ஆகவே அளவுகோல் ஒன்றினாலேயே மின்னலையின் நீளத்தை அளந்துவிடலாம்! ஹேர்ட்ஸின் அளவீட்டில் கம்பியலை வெளியலையைவிட மெதுவாகச் செல்வதாகத் தோன்றியது. அறையின் சுவர்களிலிருந்து மீண்ட வேறு அலைகள் செய்த குழப்பம் அது. 1893இல் ஜெனீவாவில் பெரிய கூடமொன்றிற் பரிசோதித்தபோது இரு வேகங்களும் ஒன்றெனத் தெளிவாயிற்று. இதற்கிடையில், 1890இல், ஒஸ்திரியரான ஏர்ன்ஸ்ற் லெச்சர் இரு சமாந்தரக் கம்பிகளை நீட்டி, அவற்றின் மீது ஒரு பாலக்கம்பியை நகர்த்தி, கண்ணாடிக் குழாயொன்று ஒளிரும் இடங்களைக் குறித்து அதே அளவீட்டை எளிமையாக்கினார். அவர் பெயரால் அக்கம்பிகள் இன்றும் வழங்குகின்றன.

1889 ஜனவரியில் மின்பொறியியலாளர் சங்கத்தின் தலைமையுரையில் தொம்சன் தாமே ஹெவிசைட்டின் பணியைப் பாராட்டினார். தம் பழைய கணக்கின் எல்லை எது என்பதை அக்கணக்கை வகுத்தவரே அறிந்திருந்தார். 1891இல் ஹெவிசைட் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். பணம் மட்டும் வரவில்லை. தொலைபேசிக் கம்பிகளில் இடையிடையே தூண்டற் சுருள்களை வைக்கும் முறையை 1900இல் அமெரிக்காவில் உரிமைப்பதிவு செய்தவர், சேர்பிய குடியேறியான பேராசிரியர் மிகாயில் பூப்பின். அதே முறையைத் தனியே கண்டிருந்த தொலைபேசிக் கம்பனியின் பொறியியலாளர் ஜோர்ஜ் கம்பெல் உரிமை வழக்கிற் தோற்றார். கம்பனியே பூப்பினின் உரிமையை இலட்சக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிற்று. மூலக் கருத்தை வழங்கிய ஹெவிசைட், நண்பர்களின் முயற்சியால் 1896இல் கிடைத்த ஆண்டுக்கு 120 பவுண் அரச உபகாரப் பணத்தில் வாழ்ந்தார்.

இனி வானொலிக்கு வருவோம். 1920களில் சிற்றலை ஒலிபரப்பு வந்தபோது, கட்டடத்தினுள் இருக்கும் கருவியிலிருந்து வயலின் நடுவே நிற்கும் உயர்ந்த கோபுரத்துக்குச் சக்தியைக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. 25 மீற்றர் அலையில், பொறி வலுக்கும் இடமும் மறையும் இடமும் ஆறேகால் மீற்றருக்கு ஒருமுறை மாறி மாறி வரும். கோபுரத்தின் தடங்கல் கம்பியின் சொந்த எண்ணுக்குப் பொருந்தாவிட்டால் நூற்றுக்கணக்கான மீற்றர் கம்பியெங்கும் நிலையான அலைகள் நிற்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 600 ஓம் கொண்ட திறந்த இரட்டைக் கம்பியில் 100 கிலோஉவாற்றுச் சக்தி பொருத்தமாகச் செல்லும்போது அழுத்தம் ஏறத்தாழ 7,700 உவோற்று. அதே சக்தி, உச்சமும் தாழ்வும் நான்குக்கு ஒன்றாக இருக்கும் நிலையலையோடு சென்றால், உச்ச இடங்களில் அழுத்தம் அதன் இருமடங்காகும். மழை பெய்யும் இரவில் காவலிகள் பொறிபறந்து வெடிப்பதற்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1928இற் சேர்ந்த பிலிப் சிமித் என்பவரின் வேலை, இத்தகைய கம்பிகளின் நெடுக அழுத்தத்தை அளந்து, மீட்சியைக் கணித்து, பொருத்தம் செய்வது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் சிக்கலான சமன்பாடு. சலிப்புற்ற அவர் கணக்கு முழுவதையும் ஒரு வட்டத்தினுள் வரைந்துவிட்டார். கம்பியின் நெடுக நடப்பது அந்த வட்டத்தைச் சுற்றிவருவதாயிற்று. அரை அலைநீளம் நடந்தால் ஒரு முழுச் சுற்று. 1939 ஜனவரியில் வெளியான அவ்வரைபடம் கணினி யுகத்திலும் மறையவில்லை. அளவீட்டுக் கருவிகளின் திரையில் அதே வட்டம் இன்றும் தெரிகிறது.

ஆயினும் ஒரு தவறான எண்ணம் பொறியியலாளரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. சொந்தமாக ஒலிபரப்பிப் பழகும் ஆர்வலரிடையே இன்னும் நிலவுகிறது. கோபுரத்திலிருந்து மீண்ட சக்தி கருவிக்குத் திரும்பி அங்கே வெப்பமாகி வீணாகிறது என்பதே அது. அளவுமானி, செல்லும் அலை 100 உவாற்று, மீளும் அலை 25 உவாற்று என்று காட்டுகிறது. கால்வாசி வீண் என்று மனம் பதறுகிறது. உண்மையில் கருவி கொடுப்பது 75 உவாற்று மட்டுமே. கருவிக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இசைவுச் சுற்று சரியாகச் சீர்செய்யப்பட்டிருந்தால், மீண்டு வந்த 25 அங்கிருந்து மறுபடியும் மீட்கப்பட்டு, புதிதாகப் புறப்படும் 75உடன் கூடி 100 ஆகச் செல்கிறது. கோபுரம் 75ஐ ஏற்று 25ஐத் திருப்புகிறது. கணக்கேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் வாசித்து மீதியைப் பாராதவனே நட்டம் என்று அலறுவான். நட்டம் எங்கே உண்டென்றால், அலை ஒவ்வொரு முறை போகவும் வரவும் செம்பும் உறையும் தம் பங்கை எடுப்பதில். நல்ல கம்பியில், குறுகிய தூரத்தில், அது அற்பம். நீண்ட, மட்டமான வடத்தில் அது பெரிது. இசைவுச் சுற்றுச் சீராக இல்லாவிடின், கருவி தனக்குப் பழக்கமில்லாத சுமையைத் தாங்கிச் சூடாவதும் உண்டு. அமெரிக்கரான வோல்ற்றர் மக்ஸ்வெல் 1973 முதல் எழுதிய கட்டுரைத் தொடரில் இதனைப் பொறுமையோடு விளக்கினார். பெயர் ஒற்றுமை தற்செயலானது.

ஹெவிசைட்டிடம் மீண்டும் வருகிறேன். 1902இல் கலைக்களஞ்சியம் ஒன்றுக்குத் தந்தியைப் பற்றி எழுதுகையில், வானின் உயரத்திலே மின்னைக் கடத்தும் படையொன்று இருக்கலாம், அது கடலோடு சேர்ந்து அலைகளுக்கு வழிகாட்டும் என ஒரு குறிப்பு எழுதினார். பூமியையும் வானையும் இரு கம்பிகளாகக் கண்டவர் அவர்! அமெரிக்காவில் கெனலி என்பவரும் அதே ஆண்டில் அதே கருத்தைக் கூறினார். 1924 டிசெம்பரில் அப்பிள்ரனும் பாணற்றும் போண்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளை ஒக்ஸ்போட்டிற் பெற்று, நிலத்தை ஒட்டி வந்த அலையும் மேலிருந்து மீண்ட அலையும் மாறி மாறிக் கூடுவதையும் அழிவதையும் கண்டு, அப்படையை நிரூபித்தனர். ஹெவிசைட் 1925 பெப்ரவரி 3ஆம் திகதி காலமானார். அதே ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஏக்கலையிலிருந்து எழுந்த சிற்றலைகள் பிற்காலத்திற் பாக்கு நீரிணையைத் தாண்டி இந்தியாவெங்கும் கேட்டது அந்த வானப் படையின் உதவியாலேயே.

என் தகப்பனார் வீட்டில் இரண்டு பனைகளுக்கிடையே ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தார். இருட்டிய பின் தூர தேசத்து நிலையம் ஒன்றின் பாட்டு நன்றாகக் கேட்கும். பிறகு மெல்ல மெல்ல அமுங்கும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் எழும். பெட்டியிற் பழுது என்று எண்ணி அவர் அதன் தலையில் தட்டுவார். பெட்டியிற் பழுதில்லை. வானத்தின் வேறு வேறு உயரங்களிலே மோதி, வேறு வேறு தூரம் நடந்து வந்த அலைகள், அந்தப் பனைகளுக்கிடையே கட்டிய கம்பியில் ஒன்றையொன்று ஒரு கணம் கூட்டிக்கொண்டும் மறுகணம் அழித்துக்கொண்டும் இருந்தன.